கற்பனைத் தேசத்தின் சனிக்கிழமை: காற்பந்து லீக்கின் தோற்றம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

1. கேள்வி

இல்லாத தேசமொன்றை மனத்தால் படைத்து மகிழும் பழக்கம் மனிதனுக்கு நெடுங்காலமாக உண்டு. அவ்வாறு படைத்தவர்கள் தம் தேசம் மெய்போலத் தோன்றும்பொருட்டு அதற்கு என்னென்ன அளித்தார்கள் என்று ஆராய்ந்துகொண்டே வந்தால், ஒரு தேசத்துக்கு இன்றியமையாதவை எவையென்று அந்தந்தக் காலம் எண்ணியிருந்தது என்பதும் உடன் விளங்கிவிடும். 1516ஆம் ஆண்டில் வெளிவந்த ‘யுடோபியா’வில் தாமஸ் மோர் தம் தீவுக்கு 54 நகரங்களை அளித்தார், அந்நகரத்தார் இரவு உணவுக்குப் பின் பொழுது போக்குவதற்குச் சதுரங்கத்தை ஒத்த இரண்டு விளையாட்டுகளையும் அளித்தார். அவற்றுள் ஒன்றில் எண்கள் எண்களோடு பொருதும். மற்றொன்றில் நற்குணங்களும் துர்க்குணங்களும் அணிவகுத்துப் போரிடும். முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், 1826இல் தகப்பனார் வாங்கி வந்த மரச் சிப்பாய்ப் பொம்மைகளைத் தம்முள் பங்கிட்டுக்கொண்ட பிராண்ட்டி வீட்டுக் குழந்தைகள் தொடங்கிய விளையாட்டு, அங்க்ரியா, கோண்டால் என்னும் கற்பனை ராஜ்யங்களாக வளர்ந்தது. அவற்றுக்கு அரசர்களும் யுத்தங்களும் சூழ்ச்சிகளும் வாய்த்தன. பொம்மைச் சிப்பாய் கையில் பிடித்துப் படிக்கத் தக்க அளவில், பொடி எழுத்தில், தைத்துக் கட்டிய பத்திரிகைகள்கூட வாய்த்தன.

அவற்றில் விளையாட்டு லீக் ஒன்று மட்டும் இல்லை. இருந்திருக்கவும் முடியாது, ஏனெனில் அப்படியொரு பொருளே அந்நாளில் உலகில் பிறந்திருக்கவில்லை. 1968இல் ராபர்ட் கூவர் என்ற அமெரிக்க நாவலாசிரியர் எழுதிய கதையிலோ, கணக்குப்பிள்ளை ஒருவன் இரவெல்லாம் மூன்று பகடைகளை உருட்டி, ஒரு முழு பேஸ்பால் லீக்கைத் தன் பேரேடுகளில் ஆண்டாண்டாக நடத்துகிறான். அதிலுள்ள ஆட்டக்காரர்கள் அவனுக்குத் தன் அலுவலகத்து மனிதர்களைவிட மெய்யானவர்களாகிவிடுகிறார்கள். இன்று கற்பனைத் தேசத்தைப் படைத்து எழுதும் இளைஞன், தேசப்படம், கொடி, நாணயம் என்று வரிசையாக முடித்தபின், அத்தேசத்தின் முதல்நிலைக் காற்பந்து லீக்கையும், அது தொடங்கிய ஆண்டையும், அதனை வென்ற கழகங்களையும் எழுதி வைக்கிறான். அதைப் படிப்பவர் யாரும் ‘இது எதற்கு?’ என்று கேட்பதில்லை.

காற்பந்தில் தோன்றி நூற்றைம்பது ஆண்டுகளும் நிறையாத ஓர் ஏற்பாடு, நாணயத்துக்கும் கொடிக்கும் அடுத்த ஸ்தானத்தை எவ்வாறு அடைந்தது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட கேள்வி. அதற்கு விடை தேடக் கற்பனைத் தேசங்களை விட்டு, அந்த ஏற்பாடு காற்பந்தில் முதன்முதல் உருவான 1888ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குச் சென்று வருவது அவசியமாகிறது.

2. லீக்குக்கு முன் இருந்த நிலை

காற்பந்துச் சங்கம் 1863 அக்டோபரில் லண்டன் நகரத்து விடுதியொன்றில் கூடி அமைந்தது. அச்சங்கத்தின் கோப்பைப் போட்டி 1871இல் தொடங்கிற்று. முதற் கோப்பைக்குப் போட்டியிட முன்வந்த கழகங்கள் பதினைந்தே. அவற்றுள் பெரும்பாலானவை உயர்தரப் பள்ளிகளில் பயின்ற கனவான்களுடையவை. விளையாட்டுக்கு ஊதியம் பெறுவது இழிவென்பது அவர்களுடைய சம்பிரதாயம். ஆயினும் 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஆலைகளின் சனிக்கிழமை வேலையைப் பிற்பகல் இரண்டு மணியோடு நிறுத்திவிட்டிருந்தது. லங்காஷயரின் பஞ்சாலைத் தொழிலாளிக்கு அந்தப் பாதி நாள், சம்பளம் கையில் இருக்கும் ஒரே ஓய்வு நாளாயிற்று. 1883இல் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற தொழிலாளர் அணி, ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர் அணியை இரண்டுக்கு ஒன்றாக வென்று கோப்பையை வடக்கே கொண்டுபோனதிலிருந்து விளையாட்டின் அதிகாரம் கைமாறத் தொடங்கிற்று. ஊதியம் கொடுப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட பிரஸ்டன் கழகத்தை 1884இல் கோப்பையிலிருந்து விலக்கிய அதே சங்கம், வடக்குக் கழகங்கள் பிரிந்துபோவதாக அச்சுறுத்தியதன் பேரில், 1885 ஜூலையில் தொழில்முறை ஆட்டத்தை அங்கீகரித்தது.

இங்குதான் சங்கடம் பிறந்தது. ஊதியம் பெறும் ஆட்டக்காரனுக்கு வாரந்தோறும் சம்பளம் அளக்கவேண்டும். ஆனால் வாரந்தோறும் ஆட்டம் நடக்கும் என்பதற்கு யாதொரு உத்தரவாதமும் இல்லை. கழகங்கள் தம்முள் கடிதம் எழுதி ஏற்பாடு செய்துகொண்ட நட்பு ஆட்டங்களே பருவத்தின் பெரும்பகுதி. ஒரு கழகத்துக்குக் கோப்பை ஆட்டம் வாய்த்துவிட்டால் நட்பு ஆட்டம் அக்கணமே ரத்தாகும். எதிரணி பாதி ஆட்களோடு வந்து சேரும், அல்லது வராமலே போகும். வாயிலில் காசு கொடுத்து நின்ற ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைவார்கள். கோப்பையோ ஒரே தோல்வியில் கழகத்தை வெளியேற்றிவிடும். சரிசமமற்ற அணிகளையும் சீட்டுக் குலுக்கி எதிரெதிரே நிறுத்திவிடும். 1887 அக்டோபர் 15ஆம் நாள் பிரஸ்டன், ஹைட் கழகத்தை 26 கோலுக்கு ஒன்றுமில்லாமல் தோற்கடித்தது. அந்தக் கோப்பையின் சரித்திரத்தில் இன்றளவும் அதுவே மிகப் பெரிய வெற்றி. ஆனால் பதினைந்தாவது கோலுக்குப் பிறகு அங்கு நின்று பார்த்தவனுக்கு என்ன சுவை மிஞ்சியிருக்கும் என்பதை நாமே அநுமானித்துக்கொள்ளலாம்.

3. நிலவும் விளக்கங்கள்

லீக்கின் பிறப்புக்கு அறிஞர்கள் கூறும் காரணங்களை மூன்று வகைகளில் அடக்கலாம்.

முதலாவது வர்த்தக விளக்கம். தொழில்முறை வந்தது, செலவு பெருகியது, வருமானத்தை நிலைப்படுத்தக் கழகங்கள் ஒன்றுசேர்ந்தன என்பது அதன் சாரம். இதில் உண்மை இருப்பது வெளிப்படை. ஆனால் லாபமே நோக்கமென்றால் விளங்காத செய்திகள் சில உண்டு. இங்கிலாந்துக் கழகங்களின் பங்குதாரர் பெறும் ஆதாயத்துக்கும் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. 1901 முதல் ஆட்டக்காரன் பெறும் வாரச் சம்பளத்துக்கும் நான்கு பவுன் என்று வரம்பு கட்டப்பட்டு, அவ்வகை வரம்பு 1961 வரை நீடித்தது. இங்கிலாந்து விளையாட்டின் பொருளாதாரத்தை ஆராய்ந்த ரே வாம்ப்ளூ போன்ற சரித்திராசிரியர்கள், கழகத்தார் லாபத்தைத் தேடினார்களா, வெற்றியைத் தேடினார்களா என்பதையே ஒரு தனிப் பிரச்சினையாக எடுத்து விவாதித்தது இதனால்தான்.

இரண்டாவது அமெரிக்க விளக்கம். 1876இல் வில்லியம் ஹல்பர்ட் அமைத்த பேஸ்பால் தேசிய லீக்கே முன்மாதிரி என்பர். கால முறையில் அது முற்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இங்கிலாந்திலேயே கிரிக்கெட் கோட்டங்கள் தம்முள் ஆடிய ஆட்டங்களைப் பத்திரிகைகள் பட்டியலிட்டு வந்தன. ஆகவே கடல் கடந்துதான் கருத்து வந்திருக்கவேண்டும் என்று சாதிப்பதற்குப் போதிய பிரமாணம் இல்லை. அந்தக் கிரிக்கெட் போட்டியும் முறையான அங்கீகாரம் பெற்றது 1890இல்தான்; பட்டியல் இருந்தது, கடமை இல்லை.

மூன்றாவது தேசிய விளக்கம். ரயிலும் தந்தியும் பத்திரிகையும் நாட்டை ஒன்றாகப் பிணைத்தன. பிணைந்த நாட்டின் வெளிப்பாடே லீக் என்பது அது. கேட்பதற்கு இதமானது, கற்பனைத் தேசங்களில் லீக்குக்கு இன்று கிடைக்கும் ஸ்தானத்துக்கும் பொருந்துவது. ஆனால் சான்றுகளை நெருங்கிப் பார்க்கையில் மூன்றினுள்ளும் மிகவும் பலவீனமானது இதுவே என்பது என் அபிப்பிராயம்.

4. ஜவுளிக் கடையிலிருந்து ஒரு கடிதம்

வில்லியம் மக்கிரெகர் ஸ்காட்லாந்தில் 1846இல் பிறந்து, பர்மிங்ஹாமுக்குக் குடியேறி ஜவுளிக் கடை வைத்தவர். ஆஸ்டன் வில்லா கழகத்தின் நிர்வாகிகளுள் ஒருவர். 1888 மார்ச் 2ஆம் நாள் அவர் தம் கழகத்துக்கும், பிளாக்பர்ன் ரோவர்ஸ், போல்ட்டன் வாண்டரர்ஸ், பிரஸ்டன் நார்த் எண்ட், வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் ஆகிய நான்கு கழகங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பினார். நல்ல கழகங்கள் பத்துப் பன்னிரண்டு சேர்ந்து, ஒவ்வொரு பருவத்திலும் ஒன்றோடொன்று தன் ஊரிலும் மற்றதன் ஊரிலுமாக ஆடத் தேதிகளை முன்கூட்டியே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்பதே அதிலிருந்த யோசனை. வியாபாரியின் மொழியில் சொல்வதானால், சரக்கு இன்ன நாளில் கடைக்கு வந்து சேரும் என்ற உறுதியைத்தான் அவர் கேட்டார். சாம்பியன் பட்டமும் தேசத்தின் புகழும் அந்த யோசனைக்கு ஆதாரமாக நிற்கவில்லை.

மார்ச் 23ஆம் நாள், கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு முந்திய மாலையில், லண்டன் ஆண்டர்டன் விடுதியில் முதற் கூட்டம் நடந்தது; ஏப்ரல் 17ஆம் நாள் மான்செஸ்டர் ராயல் விடுதியில் அமைப்பு முறையாக உருப்பெற்றது. பெயர் சூட்டுவதில் சிறிது தடை ஏற்பட்டது. ‘யூனியன்’ என்பது மக்கிரெகரின் விருப்பம். அது ரக்பிக்காரர்களின் சங்கத்தோடு மயங்குமென்று கைவிடப்பட்டது. ‘லீக்’ என்ற சொல் அந்நாளில் அயர்லாந்தின் நிலக் கிளர்ச்சியை நினைவூட்டுவது. ஆதலால் அது அவருக்கு உவப்பாக இருக்கவில்லை என்பர். மான்செஸ்டர்வாசிகளுக்கோ அச்சொல் புதியதன்று. தானியச் சட்டங்களை எதிர்த்து அரை நூற்றாண்டுக்கு முன் அவ்வூரில் எழுந்த இயக்கமும் ‘லீக்’ என்றே பெயர் பெற்றிருந்தது. பிரஸ்டன் கழகத்தின் சடெல் முன்மொழிந்த ‘காற்பந்து லீக்’ என்னும் பெயரே நிலைத்தது. அப்பெயரில் எந்த நாட்டின் பெயரும் இல்லை என்பது நாம் குறித்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

சேர்ந்த கழகங்கள் பன்னிரண்டு. அக்கிரிங்டன், பிளாக்பர்ன், போல்ட்டன், பர்ன்லி, எவர்ட்டன், பிரஸ்டன் என ஆறு லங்காஷயரைச் சேர்ந்தவை. ஆஸ்டன் வில்லா, டார்பி, நாட்ஸ் கௌண்ட்டி, ஸ்டோக், வெஸ்ட் பிராம்விச், வுல்வர்ஹாம்ப்டன் என ஆறு நடுப்பகுதியைச் சேர்ந்தவை. தலைநகரான லண்டனிலிருந்து ஒன்றும் இல்லை. பன்னிரண்டோடு நின்றதற்குக் காரணம் கௌரவமன்று, கணக்கு. பன்னிரண்டு கழகங்கள் இருமுறை சந்தித்தால் ஒவ்வொன்றுக்கும் 22 ஆட்டம். பிற ஆட்டங்களுக்கும் கோப்பைக்கும் ஒதுக்கியது போக, பருவத்தில் மிஞ்சிய நாட்களும் அவ்வளவே. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், ஷெஃபீல்ட் வெட்னஸ்டே போன்ற பேர்பெற்ற கழகங்கள் வெளியே நிற்க நேர்ந்தது, நாட்காட்டியில் இடமில்லாமையால்.

5. எண்ணும் முறை அறியாமல் தொடங்கிய எண்ணிக்கை

1888 செப்டம்பர் 8, சனிக்கிழமை. அன்று ஐந்து ஆட்டங்கள் நடந்தன. போல்ட்டனின் பைக்ஸ் லேன் மைதானத்தில் முதலில் மூன்று கோல் போட்ட உள்ளூர் அணி, முடிவில் டார்பியிடம் மூன்றுக்கு ஆறாகத் தோற்றது; வுல்வர்ஹாம்ப்டனும் ஆஸ்டன் வில்லாவும் ஒன்றுக்கு ஒன்றாகச் சமன் செய்தன. லீக்கின் முதல் கோல் எது என்பதில் நெடுநாள் நிலவிய முடிவு வேடிக்கையானது: வில்லாவின் காவல் ஆட்டக்காரர் கெர்ஷம் காக்ஸ் தம் கழகத்தின் வலைக்குள்ளேயே தவறிச் செலுத்தியதுதான் அது என்று வெகுகாலம் எழுதி வந்தார்கள். அன்றைய பத்திரிகைகளைத் துருவி, ஒவ்வொரு மைதானத்திலும் ஆட்டம் தொடங்கிய வேளையை ஒப்பிட்டவர்கள் இந்நூற்றாண்டில் அதைத் திருத்தினார்கள். போல்ட்டனில் ஆட்டம் தாமதமாக 3.45க்குத் தொடங்கிற்று, ஆயினும் இரண்டே நிமிஷத்தில் கென்னி டாவன்போர்ட் கோல் போட்டுவிட்டார். காக்ஸின் பிழை அதற்குப் பின்னரே நேர்ந்தது. முதற் கோலின் பெருமையை நிர்ணயிக்கக் கடிகாரத்தைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருந்ததென்றால், நாளைக் கட்டிய லீக் வேளையை இன்னும் கட்டவில்லை என்பது பெறப்படும்.

இதனினும் விசேஷமான செய்தி ஒன்று உண்டு. வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமனுக்கு ஒன்று என்ற விதி ஆட்டம் தொடங்கி இரண்டு மாதங்களுக்குப் பின், நவம்பரில்தான் முடிவாயிற்று. அதாவது யார் முதலிடம் என்பதை எவ்வாறு கணக்கிடுவது என்று தெரியாமலே பன்னிரண்டு கழகங்கள் ரயிலேறிப் போய் ஆடிக்கொண்டிருந்தன. பட்டத்துக்காகவே லீக் பிறந்தது என்று கொண்டால் இந்த அசட்டைக்குச் சமாதானம் சொல்வது அரிது. தேதிகளுக்காகப் பிறந்தது என்று கொண்டால் இதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. ஆட்டங்கள் தவறாமல் நடந்தேறுவதே முதற் காரியம். வரிசை பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட காரியம்.

அவ்வாண்டு பிரஸ்டன் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல், 18 வெற்றியும் நான்கு சமனுமாக 40 புள்ளி பெற்று முதலிடம் கொண்டது. கோப்பையையும் ஒரு கோலும் வாங்காமல் வென்றது. இரண்டாவது வந்த ஆஸ்டன் வில்லாவுக்கு 29 புள்ளி. கடைசி நான்கு இடங்களில் நின்ற கழகங்கள் மறுபடியும் சேர்த்துக்கொள்ளும்படி விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. அவ்வாறு விண்ணப்பித்த நான்கும் சேர்க்கப்பட்டன. 

6. எதிர்ச்சான்று

ஒரு விளக்கத்தின் வலிமையை அறிய, அது கூறும் காரணம் இல்லாதவிடத்து விளைவும் இல்லாமற்போகிறதா என்று பார்ப்பது தர்க்கமுறை. நம் நற்காலமாக அதற்கும் சான்று கிடைக்கிறது. லீக் தொடங்கிய அதே 1888இல், அதில் இடம்பெறாத இருபது கழகங்கள் ‘காம்பினேஷன்’ என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தன. பிற்காலத்தில் மான்செஸ்டர் யுனைட்டெட் ஆன நியூட்டன் ஹீத் அவற்றுள் ஒன்று. தொழில்முறை ஆட்டக்காரர்களும், ரயிலும், சனிக்கிழமையும், ரசிகர்களும் லீக்குக்குப்போல் இவர்களுக்கும் இருந்தன. இல்லாதது ஒன்றே: தேதிகளை நிர்ணயித்துக் காப்பாற்றுவிக்கும் மத்திய நிர்வாகம். ஆட்டங்களைக் கழகங்களே தம்முள் பேசி வைத்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டது. ஒரு பருவமும் முழுமையாக நடவாமல், 1889 ஏப்ரலில் அந்த அமைப்புக் கலைந்துவிட்டது.

அமெரிக்காவின் கதையும் இதற்கு ஒத்தே நிற்கிறது. 1871இல் எழுந்த பேஸ்பால் சங்கத்தில், தொலைதூரப் பயணம் கட்டுப்படியாகாதென்று கண்ட கழகங்கள் ஆட்டங்களை முடிக்காமல் நின்றுகொண்டன. சங்கம் ஐந்தாண்டில் மறைந்தது. அதன்பின் வந்த தேசிய லீக்கின் முதல் ஆண்டிலேயே நியூயார்க், பிலடெல்பியா கழகங்கள் மேற்குநோக்கிய கடைசிப் பயணத்தைச் செய்ய மறுத்தன. நாட்டின் இருபெரும் நகரங்களைச் சேர்ந்தவை என்றும் பாராமல் லீக் அவ்விரண்டையும் வெளியேற்றிற்று. வர்த்தக நோக்கில் இது பெருநஷ்டம். ஆனால் அந்த நஷ்டத்தைப் பொறுத்தமையால்தான் லீக் பிழைத்தது. தோற்பது குற்றமன்று, வராமலிருப்பதே குற்றம் என்ற இந்த நியாயம் அட்லாண்டிக்கின் இருகரைகளிலும் ஒன்றாகவே இருந்தது.

7. தேசமும் லீக்கும்

தேசம் முதிர்ந்து லீக்கைப் பெறுகிறது என்ற கொள்கைக்குச் சரித்திரம் சாதகமாக இல்லை. ஜெர்மனி 1871இல் ஒரே பேரரசாயிற்று. காற்பந்தில் தேசியப் பட்டம் 1903 முதல் வழங்கப்பட்டது. ஆனால் நாடு முழுவதற்குமான ஒரே லீக்காகிய புந்தெஸ்லிகா 1963 ஆகஸ்டில் பதினாறு கழகங்களோடு மேற்கு ஜெர்மனியில் தொடங்கியபோது, அந்த நாடே இரண்டாகப் பிளந்து கிடந்தது. இத்தாலியின் முதல் தேசியப் பட்டம் 1898 மே 8ஆம் நாள் ட்யூரினில் ஒரே பகலில் ஆடி முடிக்கப்பட்டது. எல்லாக் கழகங்களும் ஒரே வரிசையில் நின்று ஆடும் முறை அங்கே நிலைபெற்றது 1929இல். அதே 1898இல் கல்கத்தாவில் ஒரு லீக் தொடங்கிற்று. அது ஒரு நகரத்தின் லீக். தேசம் சுதந்திரமடைய இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. இந்தியா முழுவதற்குமான லீக் 1996இல்தான் வந்தது.

இங்கிலாந்தும் விலக்கன்று. லண்டன் கழகமொன்று லீக்கில் இடம்பெற்றது 1893இல், அதுவும் இரண்டாம் பிரிவில். தலைநகரின் கழகம் பட்டத்தை வென்றது 1931இல். அதாவது லீக் பிறந்து நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு. லங்காஷயருக்கும் நடுப்பகுதிக்கும் இடையே, சனிக்கிழமையன்று ரயிலேறினால் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் அமைந்த ஊர்களின் உடன்படிக்கையாகத்தான் அது தொடங்கிற்று. தேசத்தின் பெயர் அதன்மேல் பின்னர் ஏறியது. மேலும் மேலும் ஊர்கள் அந்த நிரலுக்குள் வந்து சேரச் சேர, ‘இந்நிரலில் யார் யார் உண்டோ அவர்களே நாம்’ என்ற எண்ணம் ஜனங்களிடையே படிந்தது. ஆகவே லீக் தேசத்தின் வெளிப்பாடு என்பதைவிட, தேசம் தன்னை வாராவாரம் எண்ணிப் பார்த்துக்கொள்ளக் கற்ற வழிகளுள் ஒன்று என்பது பொருத்தமாகும்.

8. முடிவுரை

இனித் தொடங்கிய இடத்துக்கு வரலாம். கற்பனைத் தேசத்துக்குக் காற்பந்து லீக் ஏன் அவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது? கொடியும் தேசப்படமும் ஒரு தேசத்தின் இடத்தையும் அடையாளத்தையும் காட்டுமேயன்றி, அங்கே காலம் நடப்பதைக் காட்டமாட்டா. பிராண்ட்டி குழந்தைகள் தம் ராஜ்யங்களில் காலத்தை நடத்த யுத்தங்களையும் பத்திரிகைகளையும் நாடினார்கள். லீக்கோ, இன்ன நாளில் இன்ன ஊரார் இன்ன ஊருக்குச் செல்வர் என்ற காகிதம் ஒன்றினாலேயே காலத்தை நடக்கச் செய்கிறது. ஒரு ஜவுளி வியாபாரி தம் கழகத்தின் வாரக் கணக்கைச் சமாளிக்கத் தேடிய உபாயம், ரத்தமும் சதையும் இல்லாத ஊர்களுக்கும் ஒரு வாரத்தைக் கொடுத்துவிடும் அளவுக்கு எளிமையாக அமைந்தது. மூன்று பகடையும் ஒரு பேரேடும் இருந்தால் கூவரின் கணக்குப்பிள்ளைக்கும் அது போதுமானதாயிற்று.

ஆயினும் மெய்யான லீக்குக்கும் கற்பனை லீக்குக்கும் ஒரு வேற்றுமை உண்டு. கற்பனைத் தேசத்தின் லீக்கில் வென்றவர்களின் பெயர் அட்டவணை குறைவின்றி இருக்கும். தொடங்கிய கழகங்களும் பெரும்பாலும் செழித்து நிற்கும். 1888இன் பன்னிரண்டு கழகங்களில் அக்கிரிங்டன் 1893இல் முதற் பிரிவிலிருந்து இறக்கப்பட்டது. இரண்டாம் பிரிவில் ஆட மனமின்றி லீக்கை விட்டே விலகிற்று. மூன்றாண்டுக்குள் அக்கழகமே இல்லாமற்போயிற்று. அவ்வூரில் பின்னாளில் பேர்பெற்றது வேறொரு கழகம். முதற் பருவத்தின் பட்டியலை எடுத்தால் அக்கிரிங்டனின் பெயர் ஏழாவது வரியில் இன்றும் இருக்கிறது. 22 ஆட்டங்களும் ஆடப்பட்டிருக்கின்றன, ஒன்றுகூடத் தவறவில்லை.